வௌவால் மாஸ்டரின் புது ஆசனம்

ஆலமரத்து வௌவால் மாஸ்டரின் தலைகீழ் ஆசன வகுப்பு அந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். "எல்லாம் பன்னிரண்டு வருஷ சாதகம்" என்பார், கேட்டவர்களிடமெல்லாம். பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான் தொங்குகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாளடைவில் அந்தப் பன்னிரண்டு வருஷத்தை அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

அன்று புதிதாகச் சேர்ந்திருந்த ஓணான், "மாஸ்டர், நேரா நிக்கிறதையும் ஒருவாட்டி காட்டிடுங்களேன்" என்றது.

மாஸ்டர் நின்றதே இல்லை. பழைய மாணவர்களான அணிலும் கிளியும் வேறு பார்த்துக்கொண்டிருந்தன. இதென்ன பிரமாதம் என்ற முகத்தோடு கிளைமேல் ஏறிக் காலை ஊன்றினார். அடுத்த கணம் தொப்பென்று கீழே விழுந்து, மடக்கிப் போட்ட குடையைப் போலக் கிடந்தார்.

அணில் பயபக்தியோடு இறங்கிவந்து அவர் பக்கத்தில் மல்லாந்து படுத்தது. ஓணானும் கிளியும் வந்து படுத்தன.

"என்ன ஒரு அமைதி. இது என்ன ஆசனம் மாஸ்டர்?" என்று கேட்டது கிளி.

மாஸ்டரின் நாக்கு நுனியில் அழகான சமஸ்கிருதப் பெயர் ஒன்று வந்து நின்றது. ஆனால் இறக்கை வலி தாங்கவில்லை. பெயரை விழுங்கிவிட்டார்.

"ஆசனமெல்லாம் இல்லப்பா, விழுந்துட்டேன். எனக்கு நிக்கத் தெரியாது. பொறந்ததுலேர்ந்து தொங்க மட்டும்தான் தெரியும்."

அணில் நீளமாக ஒரு மூச்சு விட்டது. மூன்று மாத வகுப்பில் அதற்கு அவ்வளவு நல்ல மூச்சு வந்ததே இல்லை.

"அப்பாடா. நானும் தினம் விழுந்துட்டுத்தான் மாஸ்டர், சவாசனம்னு சொல்லிக்கிட்டுப் படுத்திருந்தேன்."