படகின் நிழல்

படகு என்றாலே வாந்தி வரும் ஜெசிந்தா, சிவப்புக் குடையோடு கரையிலேயே நின்றுவிட்டாள். பிள்ளைகள் இருவரையும் பாய்ப்படகில் ஏற்றிக்கொண்டு செல்வின் கிளம்பினான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்ததும், படகுக்கடியில் கறுப்பாக ஏதோ கூடவே வருவதை முதலில் பார்த்தது ஆறு வயது ரெனிதான்.

“அப்பா, கீழ என்ன அது?”

செல்வின் எட்டிப் பார்த்தான். அது படகைவிட நீளமாக இருந்தது. அதன் வால் சாவகாசமாக ஒருமுறை அசைந்தது. பிள்ளைகள் மிரண்டு எழுந்தால் படகு கவிழ்ந்துவிடும்.

“நம்ம படகோட நிழல்ம்மா,” என்றான்.

ரெனி அப்படியே நம்பிவிட்டாள். தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, நிழலைத் தொடச் சொல்லி அவன் கையைத் தண்ணீரில் விட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

அப்போது மேகம் வெயிலை மூடியது. பலகைமேல் கிடந்த பாயின் நிழல் மறைந்தது. செல்வினுடைய நிழலும் மறைந்தது. கீழே இருந்தது மட்டும் மறையவில்லை. காற்றும் நின்றுபோய்ப் பாய் துவண்டு தொங்கியது. படகு போய்க்கொண்டே இருந்தது. சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினான். படகு திரும்பவில்லை.

ரெனி வானத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தம்பியின் கையை மெல்ல வெளியே எடுத்துத் தன் கவுனில் துடைத்துவிட்டாள்.

“அக்கா, எங்க போறோம்?”

“அம்மாகிட்டதான்டா,” என்றாள், அப்பாவின் அதே குரலில். சொல்லிவிட்டு, தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் சிவப்புக் குடை தம்பியின் கண்ணில் படாதபடி மறைத்து உட்கார்ந்தாள்.