பிளம்பர் பார்த்த படங்கள்

“கிட்ட வர்றான்... ஐயோ, கையைப் பிடிச்சுட்டான்! அவ விடுவிச்சுக்கவே இல்ல!”

மூடியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மனைவியின் குரல் கொஞ்சியது. கழற்றிய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல நின்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

சினிமாதான். நேற்று சாயங்காலம் இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்த அதே படம். முடிந்ததும், “எப்படி இருந்துச்சு?” என்று ஆசையாகக் கேட்டவரிடம், “ம், பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு டீ கப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள் மகராசி. இப்போது அதே படத்தை லேப்டாப்பில் மறுபடி ஓடவிட்டு, போனில் எவனுக்கோ காட்சி காட்சியாக உருகிக்கொண்டிருக்கிறாள்!

எவன் என்பதும் அவருக்குத் தெரியும். பிளம்பர்.

அவள் குளிக்கப் போயிருந்தபோது ஒரு நாள் போன் அடித்தது. திரையில் ‘பிளம்பர்’ என்று வந்தது. இவர் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கவனித்துப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த எண்ணோடு இரண்டு மணி நேரப் பேச்சு. சமையலறைக் குழாய் என்னவோ இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

போன வாரம் கடைச் சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஆழ்கடல் டாக்குமென்டரி ஓடிக்கொண்டிருந்தது.

“அங்க வெளிச்சமே கிடையாதாம். இந்த மீனுக்குக் கண்ணும் கிடையாது. ஆனா எவ்வளவு ஜம்முனு நீந்துது தெரியுமா? உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்!”

போனுக்குள்ளிருந்து ஓர் ஆண் சிரிப்பு கரகரவென்று கதவு வரை கேட்டது. கண்ணில்லாத மீனில் அப்படி என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது?

இவரும் சும்மா விடவில்லை. அன்றைக்கே இணையத்தில் நாலு விமர்சனம் படித்துவிட்டு வந்து, “அந்த மீன் படத்துல ஒளிப்பதிவு அபாரம், இல்ல?” என்று ஆரம்பித்தார்.

“நீங்கதான் பாதியில தூங்கிட்டீங்களே” என்றாள் அவள். அதோடு போச்சு.

இன்றைக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஊரில் பாதிப் பேரின் கண்ணை அளந்த மனிதர், வந்த வாடிக்கையாளருக்கு ஏதோ ஒரு லென்ஸை மாட்டிவிட்டு, “கடைசி வரியைப் படிங்க” என்றார்.

“சார், ஒண்ணுமே தெரியலையே!”

“எனக்கும்தான்” என்று முனகிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினார்.

யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், சொல்ல ஆளில்லை. இருப்பது ஓர் அக்கா. அங்கே போனால் அப்பா முகத்தில் விழிக்க வேண்டும். புதுக் கார் வாங்கிய வாரமே அதை வாசல் தூணில் இரண்டு முறை இடித்தவர் அவர். அதுவும் பட்டப்பகலில். “தூணைப் பார்க்கலடா” என்றார். “குடிச்சிருக்கீங்களா?” என்று இவர் ஒரு வார்த்தை விட்டார். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன மனிதர், இந்த இரண்டு வருடத்தில் ஒரு போன் செய்யவில்லை. இவரும் செய்யவில்லை. ரோஷத்தில் மட்டும் அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சு.

உள்ளே மனைவி தொடர்ந்தாள்.

“இப்ப யாரும் பேசல, மியூசிக் மட்டும்தான். மழை கொட்டுது. அவ சிவப்புக் கோட்டு போட்டிருக்கா. அவன் குடையை அவ பக்கமே சாய்ச்சுப் பிடிச்சிருக்கான், பாவம், அவன் தோளெல்லாம் நனையுது... இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன்.”

கல்யாணமாகி ஒன்பது வருடம். இவருக்காக ஒரு படத்தில் ஒரு காட்சியையாவது இப்படி விவரித்திருப்பாளா? அதுவும் அவனிடம் பேச்சுக்குப் பேச்சு என்ன மரியாதை! அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு என்ன மிச்சம் என்று நினைத்ததும் அவருக்குக் கோபத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது.

கதவைத் தள்ளினார்.

மனைவி துள்ளி எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“என்னங்க... நீங்க கடைக்கு...”

“அவன் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்!”

“வேணாங்க. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. போனைத் தொடாதீங்க!”

“சத்தியம் வேறயா!” அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். திரையில் ‘பிளம்பர்’. நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்துவதற்காக மூச்சை இழுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

அந்தப் பக்கம் அதே கரகரத்த தொண்டை, கவலையோடு செருமியது.

“என்னம்மா நிறுத்திட்ட? நீ சொல்லலன்னா எனக்கு எல்லாம் இருட்டுதானே... என் புள்ள வந்துட்டானா?”