தலை எந்தப் பக்கம்?

அந்தக் கட்டெறும்புப் புற்றில் ராணி வைத்ததுதான் சட்டம். எல்லோரையும் பெற்ற தாயும் அவள்தான்.

யார் செத்தாலும் கூடப்பிறந்தவர்கள் தூக்கிப்போய் மண்ணுக்குள் வைப்பது அங்கே வழக்கம். ஆனால் பொடிச்சி, புற்றைத் தாக்க வந்த செவ்வெறும்புப் படைக்கு வழிகாட்டிவிட்டு, அந்தச் சண்டையிலேயே செத்தாள்.

"துரோகியை யாரும் தொடக்கூடாது. தொட்டால் புற்றில் இடமில்லை" என்று சொல்லிவிட்டாள் ராணி.

அக்கா கரிச்சிக்கு மனசு கேட்கவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத் தங்கையை இழுத்துப்போய்ப் புதைத்தாள். காவலர்கள் அவளை ராணிமுன் நிறுத்தினார்கள்.

"என் உத்தரவு தெரியாதா?"

"தெரியும்மா. அவ என் தங்கச்சிங்கறதும் தெரியும். துரத்திடுங்க, போயிடறேன்."

ராணி காவலர்களை வெளியே போகச் சொன்னாள். முட்டையிட்டு முட்டையிட்டுப் பருத்த உடம்பு. அந்த அறையைவிட்டு அவளால் ஓரடி நகர முடியாது.

"தலையை எந்தப் பக்கம் வெச்சே?" என்று மெல்லக் கேட்டாள்.

"நம்ம புத்தைப் பார்த்தாப்பல வெச்சேம்மா."

ராணி முன்காலை நீட்டி, கரிச்சியின் வாயோரம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இத்தனை பிள்ளை பெத்தேன். நல்லவேளை, நீ ஒருத்தியாவது என் பேச்சைக் கேக்காம இருந்தியே."