படகின் அடிப்புறம்

மகன் ஜெரின் ஓட்டிப்போன ஃபைபர் பாய்மரப் படகு கவிழ்ந்து கரையொதுங்கிய மறுமாதம், எட்வின் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "விழுந்ததுமே உயிர் போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டான்" என்றுதான் மனைவி ஸ்டெல்லாவிடம் அவர் சொல்லியிருந்தார்.

அடிப்புறக் கீறல்களைப் பட்டறைக்காரர் கில்பர்ட் தடவிப் பார்த்தார்.

"இது பாறை உரசுனது இல்லண்ணே. பாறைன்னா நீளமாக் கிழிக்கும். தம்பி கையில காப்பு போட்டிருந்தானா?"

எட்வின் தலையசைத்தார்.

"அப்போ கவுந்த படகை ரொம்ப நேரம் பிடிச்சிருந்திருக்கான்."

எட்வின் உப்புத்தாளை வாங்கித் தானே தேய்த்தார். வெள்ளைப் பூச்சு தேய்ந்து உள்ளே நார் தெரிந்தது.

"போதும்ணே, ஓட்டை விழுந்துரும்."

அவர் நிறுத்தவில்லை.

"எல்லாம் போயிருச்சா?" என்று பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

திரும்பாமலே, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார்.

அவள் அருகில் உட்கார்ந்து இன்னொரு தாளை எடுத்துக்கொண்டாள்.