எண்ணூத்தி நாப்பது மீட்டர்

எங்க வீட்டு வாசல்ல ஒரு குழி, பக்கத்துல தையல் மெஷின் உயரத்துக்கு ஒரு இயந்திரம். மண்ணுக்குள்ள ஓடுற குழாய்ல காத்தை அடிச்சு, அந்தக் காத்தோடவே இன்டர்நெட் கேபிளைத் தள்ளுது. ஓட்டுறது மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு அக்கா. கடைசித் தெருவுல குழாயோட மறுமுனையில அவங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்கார். காலையில இருந்து ரெண்டு தடவை கேபிள் அறுநூறு மீட்டர்லயே சிக்கிருச்சு. இப்பவும் சிக்குனா போன வாரம் போட்ட புது ரோட்டை உடைக்கணும். காத்தடிக்கிற கம்ப்ரஸர் சத்தத்துல எங்க ஜன்னல் கண்ணாடி கிடுகிடுங்குது. அக்கா நாடி பாக்குற மாதிரி கேபிள் மேல ரெண்டு விரலை வச்சிருக்காங்க. "வருதா?"ன்னு போன்ல கத்துறாங்க. ஸ்பீக்கர்ல அவர் குரல்: "காத்துதான் வருது. முடியெல்லாம் பறக்குது." "இருக்குற நாலு முடியையும் கெட்டியா பிடிச்சுக்கோய்யா." மெஷின் கவுண்டர்ல அறுநூறு வந்ததும் கேபிள் திணறுது. அக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தள்ளுற வேகத்தைக் குறைச்சு, காத்தை மட்டும் கூட்டுறாங்க. கேபிள் ஒரு துள்ளு துள்ளி, வழுக்கிக்கிட்டு ஓடுது. எழுநூறு, எண்ணூறு. "ஏய், வந்துருச்சு! நேரா மூக்குலயே குத்திருச்சுடி!" அக்கா சிரிக்கிற சிரிப்புல ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கிருது. மெஷினை நிறுத்துறாங்க. தெருவே கப்புனு அடங்குது. ஸ்பீக்கர்ல அவர்: "இந்தா, கேபிள் முனையை நான் இங்கிருந்து ஆட்டுறேன், தெரியுதா?" "எண்ணூத்தி நாப்பது மீட்டர் தள்ளி ஆட்டினா எப்படிய்யா தெரியும்?"னு திட்டுறாங்க. ஆனா, கேபிள் மேல வச்ச விரலை இன்னும் எடுக்கல.