தினம் ரெண்டு டம்ளர் ஜூஸ்

“கரண்டுல ஓடறது வேணாம்மா. கையால புழியறதா காட்டு” என்றார் தணிகைவேல்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் மத்தியானம் மூன்று மணி. பாத்திரக்கடை முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பங்குனி வெயிலில் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. கடையில் ஜெபா மட்டும்தான். தலைக்கு மேல் ஃபேன், அதுவும் பாதித் தூக்கத்தில் சுற்றியது.

தணிகைவேலுக்கு ஐம்பது வயதிருக்கும். சிப்காட் கம்பெனி ஒன்றின் காக்கிச் சட்டை. கூட மனைவி புவனேஸ்வரி வந்திருந்தாள். கண்ணாடி அலமாரியில் தெரிந்த தன் முகத்தை, யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெபா ஜூஸ் பிழிகிற சாமானில் மூன்று ரகங்களை எடுத்து மேசையில் வைத்தாள். பிழிந்து பார்த்து வாங்கட்டும் என்று கடையில் எப்போதும் நாலு எலுமிச்சம்பழம் கிடக்கும். இரண்டை நறுக்கினாள். வாசனை எழுந்து கடை முழுக்க மிதந்தது.

முதலாவது, கைப்பிடியைக் கீழே இழுக்கிற ஸ்டீல் மாடல். சின்னக் குழந்தை இழுத்தால்கூடப் பழம் சக்கையாகிவிடும். தணிகைவேல் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ரொம்ப சுலபமாக இருக்கிறது, வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டார்.

சுலபமாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்ற ஆளை ஜெபா அன்றுதான் பார்த்தாள்.

அடுத்தது இடுக்கி மாதிரி இரண்டு கைப்பிடி வைத்த அலுமினியம். அதை மனைவியிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். அவள் இடது கையை நீட்டினாள்.

“அந்தக் கை வேணாம் புவனா. வலது கையில.”

வலது கை, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மெல்ல மேலே வந்தது. கைப்பிடியைப் பற்றியது. அழுத்த வரவில்லை. உதவப் போன ஜெபாவை, வேண்டாம் என்று தணிகைவேல் தடுத்துவிட்டார்.

மூன்றாவது ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். நடுவே வரிவரியாக ஒரு கூம்பு. அதன்மேல் அரைப் பழத்தைக் கவிழ்த்து, ஐந்து விரலாலும் பிடித்துத் திருக வேண்டும். கடையிலேயே மட்டமான ரகம் அதுதான்.

புவனேஸ்வரி திருகினாள். பழம் நழுவித் தரையில் விழுந்தது. அவர் வேறொரு பாதியை எடுத்துக் கொடுத்தார். அதுவும் நழுவியது. இன்னொன்று கொடுத்தார். அவள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மூன்றாவது தடவை, கூம்பின் ஓரமாக நாலு சொட்டு இறங்கிற்று.

அவள் அந்த நாலு சொட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதையே குடும்மா” என்றார் தணிகைவேல். “காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், தினம் எனக்கு ஜூஸ் வேணும். அவதான் புழிஞ்சி குடுக்கணும்.”

ஜெபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டம்ளரும் ஒன்று பார்க்கச் சொல்லி மனைவியை அவர் உள்பக்க அலமாரிக்கு அனுப்பியதும், அதற்காகவே காத்திருந்தவள்போலக் கேட்டுவிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. அக்காவுக்குக் கை முடியலன்னு பாத்தாலே தெரியுது. அந்த ரெண்டு டம்ளர நீங்களே புழிஞ்சி குடிக்கக் கூடாதா?”

தணிகைவேல் கோபப்படவில்லை. மேசையில் சிந்தியிருந்த விதைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

போன ஐப்பசியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் புவனேஸ்வரி விழுந்துவிட்டாள். பக்கவாதம். கால் சரியாகிவிட்டது, கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கினால் கை திரும்பும் என்றார்கள். அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள். யாருக்கு வேண்டும் இந்தக் கை என்றாள். அதற்கப்புறம் நாள் முழுக்க ஜன்னலோரம்தான். ஆரம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே வயல். அதில் காற்று போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மத்தியானம் அசந்து தூங்கும்போது மட்டும் அந்தக் கை பூ கட்டுமாம். இல்லாத நாரில், இல்லாத பூவை, விரல்கள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்குமாம். லீவு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்த்திருக்கிறார். விழித்ததும் கை விறைத்துக்கொள்ளும்.

போன வாரம் வெயிலில் வந்து அவர் அப்படியே சுருண்டு படுத்துவிட்டார். யாரும் சொல்லாமலே அவள் எழுந்து போய், அரை எலுமிச்சையை அந்தக் கையில் வைத்து அமுக்கியிருக்கிறாள். அரை ஸ்பூன் வந்ததாம்.

“அவளுக்குன்னு சொன்னா செய்ய மாட்டேங்கறாம்மா. எனக்குன்னா செய்யறா.”

ஜெபா தலை நிமிராமல் கிண்ணத்தைத் துடைத்துப் பையில் போட்டாள். கேட்டது தப்பு என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு. “எலுமிச்சம்பழ ஜூஸ்னா உங்களுக்கு அவ்ளோ இஷ்டமாண்ணா?”

உள்ளே புவனேஸ்வரி ஒரு கண்ணாடி டம்ளரை இடது கையால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு வயித்துல புண்ணும்மா. புளிப்பு வாயில படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா அவ எதிர்ல நின்னு பாத்துக்கினே இருப்பாளே, எப்படிக் குடிக்காம இருக்கறது?”