பச்சை சார்

"என்னம்மா, அந்தப் பிள்ளைங்களை வளரவே விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

மேற்பார்வையாளர் கேட்டதும், கூட்டத்தில் இருந்த மற்றக் களப்பணியாளர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம். மூன்று வருடமாக மழை எட்டிப் பார்க்காத பன்னிரண்டு கிராமங்கள். பதினொன்று பச்சை. ஒன்று மட்டும் எட்டு மாதமாக மஞ்சள். அந்த மஞ்சளுக்குப் பொறுப்பானவள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தொண்டு நிறுவனம் ஒன்றில் அவர்கள் வேலை இதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு நாடாவைச் சுற்ற வேண்டும். சதை இருந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். வெறும் எலும்பு என்றால் சிவப்பு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வாரம் ஒரு பை சத்துமாவு உண்டு. ஊர் முழுக்கப் பச்சையாகிவிட்டால் மாவு நின்றுவிடும். அதற்குப் பதிலாக 'தன்னிறைவு பெற்ற கிராமம்' என்று ஒரு பலகை வரும்.

பதினொரு பலகைகளையும் நட்டவர் இந்த மேற்பார்வையாளர்தான். பெயரே பச்சை சார். வானம் கைவிட்ட ஊரில் பச்சை தெரிந்தால், சார் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் லேசில் விடவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே மாவு, ஒரே நாடா, இவள் ஊரில் மட்டும் பிள்ளைகள் ஏன் தேறவில்லை, மாவு யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று கேட்டார். உங்கள் வீட்டு மாடு நன்றாகக் கொழுத்திருக்கிறதாமே என்றும் கேட்டார். அவளிடம் மாடே கிடையாது.

"நாளைக்கு நானே வர்றேன். என் கையாலயே அளக்கிறேன்."

வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சார் புது நாடாவைப் பிரித்தார். முதல் குழந்தை பச்சை. இரண்டாவதும் பச்சை. கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்த பச்சைதான், ஆனாலும் பச்சை. இருபத்து மூன்று குழந்தைகளும் அப்படியே.

அவளுடைய பதிவேட்டில் இருபத்து மூன்றும் மஞ்சள்.

"இந்தா பாரு, நாடாவை இறுக்கி இழுத்துத்தானே அளந்திருக்க?"

"ஆமா சார்."

அவள் அழவில்லை, மழுப்பவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இந்த மாவைச் சாப்பிட்டுத்தான் சார் இவங்க பச்சையாகியிருக்காங்க. அதை நிறுத்திட்டா எதைச் சாப்பிடுவாங்க? ஒரு மழை வந்து, ஒரு அறுவடை பார்க்கிற வரைக்கும் மஞ்சள்லயே வச்சிருக்கலாம்னு நினைச்சேன். பக்கத்து ஊர்ல நீங்க பலகை நட்டு ஆறு மாசமாச்சு. ஒரு தடவை போய் அளந்து பாருங்க."

தன்னிறைவு பெற்ற ஊரை மறுபடி அளக்கும் வழக்கம் நிறுவனத்தில் இல்லை என்று சார் சொன்னார். பசியைவிடப் பெரிய நோய் பொய் என்றும், ஏழைகளைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பார்த்தாலே தனக்கு ஆகாது என்றும் தாய்மார்கள் காதில் விழும்படி ஒரு பிரசங்கம் செய்தார். அக்கா மேல் தப்பில்லை என்று முன்னால் வந்த ஒருத்தியைக் கையைக் காட்டி அடக்கினார். சத்தியத்தின் பக்கம் நிற்கும்போது அவருக்குக் குரல் கொஞ்சம் கனத்துவிடும்.

அன்றைக்கே அவளுக்கு வேலை போனது. அடுத்த வாரம் பலகை வந்தது. பிள்ளைகளைக் கையை மடக்கிப் பயில்வான் மாதிரி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

பன்னிரண்டும் பச்சை. வரைபடம் தோட்டம் மாதிரி இருந்தது. தினமும் காலையில் சார் அதைப் பார்த்துக்கொண்டேதான் தேநீர் குடித்தார்.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பதவி உயர்வு என்று நினைத்து, எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிரித்தார். முதல் பத்தி முழுக்கப் பாராட்டு. இரண்டாவது பத்தியில், இந்தப் பகுதியில் பசி ஒழிந்துவிட்டதால் மாதக் கடைசியோடு அலுவலகம் மூடப்படும், மேற்பார்வையாளர் பதவியும் இனித் தேவையில்லை என்று இருந்தது. ஒரு கிராமமாவது மஞ்சளில் இருந்தால் மறுபரிசீலனை செய்யலாமாம்.

மறுநாள் சார் அவள் வீட்டுக்கு வந்தார். வண்டியை இரண்டு தெரு தள்ளியே நிறுத்தியிருந்தார்.

ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வெளியே போனாள். வேலை போனாலும் தாய்மார்கள் அளக்க அவளிடம்தான் வந்துகொண்டிருந்தார்கள். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவள் அளவுகளை எழுதி வைத்திருந்தாள்.

சார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்கு ஏதோ கோபத்தில் பேசிவிட்டதாகச் சொன்னார். தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த வயதில் வேறு எங்கே போய் வேலை தேடுவது என்றார். கூட்டத்தில் 'என்னம்மா' என்றும், வராந்தாவில் 'இந்தா பாரு' என்றும் இருந்தவள் இப்போது 'அக்கா' ஆகியிருந்தாள்.

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, நாடாவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா, ஒரு பத்துப் பிள்ளைங்களாவது மஞ்சள்ல வருமா?"

அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"மஞ்சள் ஒண்ணுகூட இல்ல சார்," என்றாள். "எல்லாம் சிவப்பு."